கண்மாய்க் கரையில் ஒரு மிதிவண்டிப் பாதை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மதுரையின் புறநகர்ச் சாலைகளில் தலைக்கவசம் அணிந்து, சிறு சிறு குழுக்களாக மிதிவண்டி ஓட்டிச் செல்வோரைக் காண்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மருத்துவர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் எனப் பலரும் அதில் உண்டு. அவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருப்பது ஓர் அவசரம். ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு சாலை அவர்களுடையது அல்ல.

நானும் அவர்களில் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, மேலூர் செல்லும் நான்குவழிச் சாலையின் ஓரமாகச் சென்றுகொண்டிருந்தேன். என்னை ஒட்டியபடி ஒரு சரக்கு லாரி விரைந்து கடந்தது. அது என்மீது மோதவில்லை; அது கிளப்பிய காற்றே என்னைச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளப் போதுமானதாக இருந்தது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு, சற்றுத் தள்ளித் தெரிந்த கண்மாய்க் கரையைக் காட்டி, "இந்த ரோட்டுல எதுக்குப்பா வர்ற? கரைமேல போக வேண்டியதுதானே" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றுமுதல் கரைமேல்தான் போகிறேன். அந்த அனுபவத்தின் அடிப்படையில், மதுரையைச் சுற்றி மோட்டார் வாகனங்கள் இல்லாத மிதிவண்டிப் பாதைகள் சாத்தியமா என்பதைப் பார்ப்போம்.

இது பொழுதுபோக்கு பற்றிய கேள்வி மட்டுமல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அதே தமிழ்நாட்டில்தான் பதினோராம் வகுப்பு மாணவ, மாணவியருக்கு அரசு ஆண்டுதோறும் விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வண்டியைக் கொடுத்த நாம், அதை அச்சமின்றி ஓட்டுவதற்கான பாதையைக் கொடுக்கவில்லை.

மேலை நாடுகளில் கடந்த இருபது ஆண்டுகளில் 'கிராவல் பைக்' என்றொரு வகை மிதிவண்டி பரவியிருக்கிறது. கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வீட்டுமனைக்கு மண் அடிக்கும் எவருக்கும் கிராவல் மண் என்றால் தெரியும். தார் இல்லாத சரளைப் பாதைகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட வண்டி இது. பந்தய மிதிவண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். கிராவல் வண்டியின் டயரோ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமானது. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக அடைத்தால், அது கல்லின்மேல் துள்ளாமல் அமுங்கி உருளும். மணலிலும் எளிதில் புதையாது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள எம்போரியா என்னும் சிற்றூரில் 2006-இல் தொடங்கிய கிராவல் பந்தயம், இன்று உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுக் காடுகளில் மரம் வெட்டி எடுத்துச் செல்ல அமைத்த மண்சாலைகள் ஏராளம். அவற்றில் பல, பொதுமக்களின் கார்களுக்கு மூடப்பட்டும் மிதிவண்டிகளுக்குத் திறந்தும் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓட்டிய கறுப்பு நிறச் சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். அதாவது, சுமார் 38 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் கொடுத்து இன்று வாங்கப்படும் கிராவல் வண்டியின் டயர் அளவும் ஏறத்தாழ அதுவேதான். மண்பாதைக்கான வண்டி நம்மிடம் எப்போதும் இருந்தது. பாதையைத்தான் மறந்துவிட்டோம்.

அப்படியானால், நாமும் காட்டுக்குள் ஓட்டலாமா? மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்மலை இருக்கிறது. அங்கே காப்புக்காடும் உண்டு; காட்டுப் பாதைகளும் உண்டு. ஆனால், மேலை நாட்டு வழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர இயலாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சட்டம் பழையது என்று அதைத் தள்ளிவிட முடியாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பின்னரே மலையேற்றத்துக்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும், குறிப்பிட்ட 40 பாதைகளில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மட்டுமே நடந்து செல்ல அனுமதி. அழகர்மலையில் காட்டுமாடுகள் உலவுகின்றன. ஓசையின்றி வேகமாக வரும் மிதிவண்டி ஒரு வளைவில் காட்டுமாட்டை எதிர்கொண்டால், தீங்கு இரு தரப்புக்கும்தான். ஆகவே, காட்டைக் காட்டுக்கே விட்டுவிடுவோம் என்பதே என் நிலைப்பாடு.

நமக்கு வேறு வழி இருக்கிறது. அதுதான் அந்த முதியவர் காட்டிய வழி.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. அவை ஒரு சங்கிலி. மேலுள்ள கண்மாய் நிறைந்தால், மிகுநீர் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த கண்மாய்க்குச் செல்லும். எனவே, ஒரு கரையையும் அதன் வரத்துக் கால்வாயையும் பிடித்துச் சென்றால், பெரும்பாலும் அடுத்த கரைக்கு வந்து சேரலாம். கரையின் மேற்பரப்பு ஏற்ற இறக்கமின்றிச் சமமாக இருக்கும். குறுக்குச் சாலைகள் மிகக் குறைவு. ஒரு பக்கம் நீர், மறு பக்கம் வயல், இடையிடையே பனைமர நிழல். மிதிவண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பாதையை எந்தப் பொறியாளரும் புதிதாக வரைந்துவிட முடியாது.

நான் அடிக்கடி செல்லும் மூன்று திசைகளைச் சொல்கிறேன். முதலாவது, மேற்கே நாகமலையின் அடிவாரம். கீழக்குயில்குடியில் சமணர்மலையும், தாமரைக் குளமும், அய்யனார் கோயிலும் ஒருங்கே இருக்கின்றன. இரண்டாவது, பெரியாறு பிரதானக் கால்வாயின் கரை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது மேற்கு நோக்கி ஓடிய நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது. பேரணையில் வைகையிலிருந்து பிரியும் கால்வாய், கள்ளந்திரியைக் கடந்து மேலூர்ப் பகுதிக்குச் செல்கிறது. கள்ளந்திரி அருகே அதன் கரையில் நின்றால் வடக்கே அழகர்மலை முழுவதும் தெரியும். காட்டுக்குள் நுழையாமலே காட்டின் அருகாமையை அங்கே உணரலாம். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துச் சென்ற பழைய கால்வாய்ப் பாதைகள்தாம், இன்று புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதைகளாக இருக்கின்றன. நம் கால்வாய்க் கரைக்கும் அந்தத் தகுதி உண்டு.

மூன்றாவது, அரிட்டாபட்டி. ஏழு குன்றுகளும் பல நீர்நிலைகளும் கொண்ட இவ்வூரின் ஒரு பகுதியும் அருகிலுள்ள மீனாட்சிபுரத்தின் ஒரு பகுதியும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாறையில் குடைந்த சிவன் கோயில், தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை ஆகியவற்றோடு, ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும் பதிவாகியுள்ள இடம் அது. இரண்டே ஆண்டுகளில், இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் பெரும் போராட்டத்துக்குக் காரணமானது. ஊர் ஊராக மக்கள் திரண்டனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மனிதர்கள் நடந்தும் ஓட்டியும் பழகிய நிலத்தை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே அதில் நான் கற்ற பாடம். யாரும் போகாத கரையில்தான் ஆக்கிரமிப்பு ஓசையின்றி வளர்கிறது.

கரைகளின் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதாக இல்லை. பல இடங்களில் சீமைக் கருவேலம் வழியை அடைத்திருக்கிறது. அதன் முள் எந்த டயரையும் விட்டுவைப்பதில்லை; பஞ்சர் ஒட்டும் பொருள்கள் இல்லாமல் நான் புறப்படுவதே இல்லை. உடைந்த மதுப்புட்டிகள் கிடக்கின்றன. மண் ஏற்றிய லாரிகள் சென்ற கரைகளில் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கிறது. பத்துச் சக்கர டிப்பர் லாரி சுமையோடு 25 டன்னைத் தாண்டும். மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும் சேர்ந்தால் 100 கிலோகூடப் பெரும்பாலும் வராது. கரையைச் சிதைப்பது எது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. நீர்வளத் துறையும் உள்ளாட்சிகளும் இணைந்து, தொடர்ச்சியாகச் செல்லக்கூடிய கரைகளைக் கண்டறிந்து வரைபடமாக்கலாம். கரையின் இரு முனைகளிலும் கல்தூண்களை நட்டு, காரும் லாரியும் நுழையாதபடி தடுக்கலாம். பராமரிப்புப் பணிக்கும் விவசாயிகளின் வண்டிகளுக்கும் மட்டும் பூட்டுடன் கூடிய திறப்பு வைத்து, சாவியை ஊராட்சியிடம் ஒப்படைக்கலாம். முள்ளை அகற்றி, பனைகளை விட்டுவைத்து, கிலோமீட்டருக்கு ஒரு வழிகாட்டிப் பலகை நட்டால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. தார் போடக் கூடாது. மதுரை நகருக்குள் வைகையின் இரு கரைகளிலும் சாலை அமைக்கப்பட்டபோது, ஆற்றங்கரையில் இனி நிம்மதியாகச் செல்லலாம் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். இன்று அவை மற்றுமொரு வாகனச் சாலை. கரடுமுரடான மண்தான் மோட்டார் வேகத்துக்கு இயற்கையாக அமைந்த தடை. அதை வழவழப்பாக்கிவிட்டு, பிறகு வேகத்தடை கட்டுவதில் பொருள் இல்லை.

மிதிவண்டி ஓட்டுவோருக்கும் கடமைகள் உண்டு. கரை என்பது முதலில் நீரைக் காக்கும் அமைப்பு, பிறகுதான் பாதை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை நனைந்து இளகியிருக்கும்போது அதில் ஓட்டாமல் இருப்பதே முறை. அந்தக் கண்மாயை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகளின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பாதையும் அறிவிக்கப்படக் கூடாது. ஆட்டு மந்தை வந்தால் இறங்கி நிற்க வேண்டியவர் நாம்தான். கோயில்காடுகளில் ஊர்க் கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் யாருடைய துணையுமின்றிச் சந்தைக்கும் வேலைக்கும் சென்றுவந்தார்கள். அவர்கள் கற்றது வண்டி ஓட்டுவதை மட்டுமல்ல. இன்று அவர்களின் பேத்திகள் பள்ளிக்குச் செல்லும் வழியில் நெடுஞ்சாலைகள் குறுக்கிடுகின்றன. விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் திண்ணையோரம் சாத்தியே இருப்பதற்கு, பெற்றோரின் அந்த அச்சமும் ஒரு காரணம்.

கண்மாய்க் கரைப் பாதை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் என்னைப் போன்றோருக்காக அமைந்தால், அது சில ஆண்டுகளில் முள்மண்டிப் போகும். திங்கட்கிழமை காலையில் பள்ளிச் சீருடையுடன் ஒரு மாணவி அதில் தனியாகச் சென்று திரும்ப முடியுமானால், அது நிலைக்கும். கரைகளை நம் முன்னோர் ஏற்கெனவே கட்டித் தந்துவிட்டார்கள். அவற்றில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை என்று சொல்லும் துணிவு மட்டுமே நம்மிடம் எஞ்சியிருக்கும் வேலை.