ஒகேனக்கல் வனமும் அதிரடிப்படையும்

ஒகேனக்கல் அருவியைக் கண்டு களித்து மீள்வோர் பலர். அதனைச் சூழ்ந்த வனம் பல்லாண்டு போர்க்களம் போன்றிருந்ததை நினைப்போர் சிலரே. அவ்வரலாற்றை நாம் சுருங்க உரைப்போம்.

யானைத் தந்தமும் சந்தன மரமும் கடத்திய வீரப்பன், 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றருகே வைத்த கண்ணிவெடியால் 22 பேர் மாண்டனர். தமிழகமும் கர்நாடகமும் அதிரடிப்படைகளை ஏவின. எல்லைப் பாதுகாப்புப் படையும் அவ்வாண்டிலேயே வந்தது. எனினும் அவன் அகப்பட்டிலன். 2000 ஜூலை 30-இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை அவன் கவர்ந்து சென்றபோது, தனித்தமிழ்நாடு வேண்டிய தீவிரவாதிகள் சிலரும் உடனிருந்தனர். காவிரி நீரும், கர்நாடகத்தில் தமிழுக்கு உரிமையும் கோரிக்கைகளாயின. கள்வனைத் தேடிய படைக்குப் பிரிவினைக் கிளர்ச்சியை அடக்கும் பொறுப்பும் சேர்ந்தது.

பெரும்படை துழாவியும் அவன் நெடுநாள் தப்பியதேன்? காடறிந்த குடிகள் படையை நம்பவில்லை. இருபாலாரிடமும் அவர்கள் அஞ்சினர். படையினர் தங்களை வதைத்தனரென்ற அவர்தம் முறையீட்டைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு ஆராய்ந்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையம் பணித்தது.

இறுதியில் வென்றது ஒற்றே. 2004 அக்டோபர் 18 இரவு, மாறுவேடக் காவலர் ஓட்டிய ஆம்புலன்சில் வந்த வீரப்பனும் தோழர் மூவரும் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியருகே சுடப்பட்டு வீழ்ந்தனர். அத்தேடலில் மலைக்குடிகளை வருத்தியது எதற்குப் பயன்பட்டது?

பத்து நீதிமான்கள் உளராயின் சோதோமை அழிப்பதில்லையென்று ஆண்டவர் ஆபிரகாமுக்கு வாக்களித்தார். படை நடத்துவோர் அதனை மறவாதிருப்பாராக.