நினைவில் இடம் பெறாதோர்

இளமைக் காலத்தை எண்ணும்போது மனம் தனக்கு இனியவற்றையே தேர்ந்து வைத்துக்கொள்கின்றது. ஆறும் சோலையும் வயலும் அங்கே வாடாமல் நிற்கின்றன. ஆனால், அவ்வயலில் உழைத்த கைகள் எங்கே? பக்கத்து இருக்கையில் அழுக்குடையோடு அமர்ந்திருந்த ஏழைச் சிறுவன் எங்கே?

இவ்வினாக்களை நம்முன் வைக்கும் சித்திரத் திரைப்படம் ஒன்றுண்டு. யப்பானிய நெறியாளர் இசாவோ தக்கஹாத்தா, ஜிப்லி கலைக்கூடத்தில் ஆக்கி 1991 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஒமொஹிதே பொரோபொரோ' என்பதே அது. ஆங்கிலத்தில் 'ஒன்லி யெஸ்டர்டே' என்பர்.

கதை எளியது. 1982 ஆம் ஆண்டிலே, டோக்கியோ நகரில் அலுவலகப் பணி புரியும் தாயேக்கோ என்னும் 27 வயது மங்கை, விடுமுறையைக் கழிக்க யமகத்தாப் பகுதிக் கிராமம் ஒன்றுக்குச் செல்கின்றாள். இரவுப் புகைவண்டியில் அவளோடு இன்னொருத்தியும் வருகின்றாள்: 1966 ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பிற் பயின்ற அவளேதான்! மூலமான சித்திரக்கதையில் சிறுமி மட்டுமே உண்டு. வளர்ந்த தாயேக்கோவைச் சேர்த்தவர் தக்கஹாத்தா. ஆதலின் இப்படம் பழமையைப் பாராட்டுவதோடு நில்லாது, நினைவையே சோதித்துப் பார்க்கின்றது.

கிராமத்திலே குசும்பாப் பூப் பறிக்கின்றார்கள். மஞ்சள் நிறப் பூ அது. அதிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் மகளிர் இதழ்களுக்கு அழகூட்டும். முட்கள் குத்திக் குருதி சிந்தப் பறித்த ஏழைப் பெண்கள், அச்சாயத்தைத் தம் உதட்டில் ஒருநாளும் பூசியறியார் என்னும் பழங்கதையைப் படம் நினைவூட்டுகின்றது. காட்டையும் ஓடையையும் கண்டு இயற்கையென வியக்கின்றாள் தாயேக்கோ. அவை யாவும் உழவர்கள் இயற்கையோடு போராடியும் இணங்கியும் உருவாக்கியவை என விளக்குகின்றான் தோஷியோ என்னும் இளைஞன்.

பெண்பிள்ளைகள் பருவமெய்துவது பற்றிப் பள்ளியில் எழும் கூச்சத்தையும் கேலியையும் படம் மறைக்கவில்லை. எனினும், நெஞ்சை உலுக்குவது அபே என்னும் சிறுவனின் நினைவே. வறியவனான அவனை வகுப்புப் பிள்ளைகள் இழிவாகப் பேசினர். தாயேக்கோ அவ்வாறு பேசவில்லை. ஆயினும், வேறு பள்ளிக்குச் செல்லும் நாளில் எல்லோருடனும் கைகுலுக்கிய அபே, அவளுக்கு மட்டும் கைகொடுக்க மறுத்துவிட்டான். உள்ளத்தில் அவனை அதிகம் அருவருத்தவள் தானே என்றும், நல்லவளாக நடித்ததாகவும் அவள் தோஷியோவிடம் கூறி வருந்துகின்றாள். உண்மையான உணர்ச்சியை அவளிடம் மட்டுமே அபே காட்டியிருக்கக்கூடும் என்று தோஷியோ தேற்றுகின்றான். அதுவும் ஊகமே. அபேயின் மனத்தை அவன் வாயால் நாம் கேட்பதில்லை. இது படத்தின் குறையெனச் சிலர் கூறலாம். ஆனால், பிறர் நினைவில் வாழும் அச்சிறுவனுக்கு மறுக்கும் உரிமையேனும் அளிக்கப்பட்டதே!

பலதரப்பட்ட முகங்களைத் திரையில் நிரப்புவதே பிரதிநிதித்துவம் எனக் கருதுவோர் உளர். முகம் இருந்தால் மட்டும் போதாது. அம்முகம் நம் பெருமைக்குச் சான்று கூற மறுக்கவும் இடம் வேண்டும். மாணவர்கள் இதனைச் சிந்திப்பாராக. நாளை நீங்கள் நினைத்து மகிழப்போகும் இளமை, இன்று உங்கள் வகுப்பறையில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அதில் யாருடைய கை உங்கள் கையைத் தொடாமல் விலகிச் செல்கின்றது?