சிவப்பு விளக்கு எரிகிறதா?

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் பக்கம் ஒரு சிற்றூர். ஜூன் மாதம். இடவப்பாதி மழை தொடங்கி மூன்று நாள் ஆகிவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிறது. சேற்று உழவுக்கு இதுதான் நேரம். ஊரே டிராக்டருக்குக் காத்திருக்கிறது.

பெரியவரின் டிராக்டர் மட்டும் கொட்டகையில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ப் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் பேட்டரி புதியது. வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பழையது இறங்கிப் போனது என்று அதைக் கடையில் கொடுத்தார். மேலே பணமும் கட்டி இதை வாங்கினார். இப்போது இதுவும் இறங்கிவிட்டது.

பக்கத்து ஊர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினார். அவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மாமா, பேட்டரியை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?"

"பேட்டரி இறங்கினா பேட்டரியைத்தானே தம்பி மாத்தோணும்?"

"தொட்டியில தண்ணி இல்லீன்னா தொட்டியையா மாத்துவீங்க?"

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பேட்டரி ஒரு தொட்டி போல. அதில் மின்சாரம் சேர்ந்திருக்கிறது. செல்ப் அடிக்கும்போது நிறைய எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்ப நிரப்புவது யார்? ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இதே வேலையை டைனமோ செய்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பலர் ஆல்டர்னேட்டர் மாட்டினார்கள்.

ஆகவே பேட்டரி இறங்கினால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தொட்டி நல்லதா? தொட்டி நிரம்புகிறதா? தொட்டி எங்காவது ஒழுகுகிறதா? இந்த மூன்றையும் பார்க்காமல் கடைக்குப் போகக்கூடாது.

தொட்டி நல்லதா?

மெக்கானிக் முதலில் பேட்டரியின் தலையைப் பார்த்தார். பெரியவரின் பேட்டரி புதியது. அதனால் சுத்தமாக இருந்தது. பல வண்டிகளில் டெர்மினல் மேல் வெள்ளையாக, பச்சையாக உப்புப் பூத்திருக்கும். அந்த உப்பே மின்சாரத்தைத் தடுக்கும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அறை மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. பிறகு துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவ வேண்டும்.

பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரையும் மறக்கக்கூடாது. அது போல்ட் போட்டிருக்கும் இடத்தில் துரு ஏறினால், நல்ல பேட்டரியும் செத்த பேட்டரி போல நடந்துகொள்ளும். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. செல்ப் அடித்துப் பாருங்கள். சாவியை அணைத்துவிட்டு ஒயரின் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே இணைப்பு சரியில்லை.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆசிட்டைப் பார்க்கலாம். 1240க்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜ். 1150 என்றால் இறங்கிவிட்டது. ஐந்து அறைகள் நன்றாகக் காட்டி, ஒன்று மட்டும் மிகவும் குறைத்துக் காட்டினால் அந்தப் பேட்டரி கெட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். அளவு குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசி. ஏன்? மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வேலை செய்தால், ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மிகப் பழைய சில வண்டிகளில் மட்டும் பிளஸ்ஸே எர்த்தாக இருக்கும். அவற்றில் எர்த் ஒயர் முதலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலும் பேட்டரியை மாற்றி மாட்டிவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே எரிந்துவிடும்.

நிரம்புகிறதா?

மெக்கானிக் மீட்டரை வைத்தார். 11.8 வோல்ட். பேட்டரி காலியாகி இருந்தது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி.

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு செல்ப் மோட்டார் பக்கம் குனிந்தார். "இப்படி ரெண்டு போல்ட்டையும் தொட்டா ஸ்டார்ட் ஆகும் தம்பி. நாலு நாளா அப்படித்தான் ஓட்டறேன்."

மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க மாமா. கியர்ல இருந்தா என்னாகும்?"

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். செல்ப் மோட்டாரின் இரண்டு முனைகளை இரும்பால் தொட்டால், சாவியும் கிளட்ச் சுவிட்சும் கேட்காமலே எஞ்சின் சுற்றும். தொடுகிற ஆள் நிற்பது பெரிய சக்கரத்துக்கு முன்னால். வண்டி கியரில் இருந்தால் அது உடனே நகரும். விலக நேரம் இருக்காது. பல நாடுகளில் பல விவசாயிகள் தங்கள் சொந்த டிராக்டரின் சக்கரத்தில் இப்படித்தான் இறந்திருக்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்துதான் வண்டியை எடுக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டார்கள். மறுநாள் காலை மாட்டினார்கள். எஞ்சின் உடனே எடுத்தது. மெக்கானிக் பெல்ட்டைப் பார்த்தார். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். (எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அழுத்த வேண்டும். ஓடும் பெல்ட் பக்கம் வேட்டியும் துண்டும் போகக்கூடாது.) பெல்ட் சரியாகத்தான் இருந்தது. மறுபடி எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். 12.4. கொஞ்ச நேரத்தில் 12.3.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இங்கே ஏறவே இல்லை. இறங்குகிறது. அப்படியானால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

"மாமா, சாவியைப் போட்டா இந்தச் சிவப்பு விளக்கு எரியுதுங்களா?"

"இல்லை தம்பி. ரெண்டு மாசமா எரியறதே இல்லை. சிவப்பு எரியலீன்னா நல்லதுதானே?"

நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. எஞ்சின் ஓடும்போது சிவப்பு எரியக்கூடாது. ஆனால் சாவி போட்டு, செல்ப் அடிக்கும் முன் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஏதோ குறை.

பல ஆல்டர்னேட்டர்களுக்கு வேலை தொடங்க முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அடிபம்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். அந்தக் கொஞ்ச மின்சாரம் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. பல்பு போனால் வழியும் போயிற்று. எஞ்சின் ஓடும், பெல்ட் சுற்றும், மின்சாரம் மட்டும் பிறக்காது.

மெக்கானிக் பல்பைக் கழற்றினார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. அதே வாட் உள்ள பல்பு ஒன்றைப் போட்டார். (எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. அதில் போகும் மின்சாரம் போதாது.) சாவி போட்டதும் சிவப்பு எரிந்தது. எஞ்சின் எடுத்ததும் அணைந்தது. மீட்டரில் 14.1.

புது பல்பு போட்டும் எரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன ஒயரைப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். எச்.எம்.டி. டிராக்டர் தயாரிப்பை மூடுவது என்று அரசு 2016இல் முடிவு செய்தது. அந்த வண்டிகள் இன்றும் உழுகின்றன. இத்தனை ஆண்டில் எத்தனை கைகள் மாறியிருக்கும்? சிவப்பு ஒயர் போன இடத்தில் யாரோ கையில் கிடைத்த கறுப்பு ஒயரைப் போட்டிருப்பார்கள். ஒயரை முனையிலிருந்து முனை வரை விரலால் தொடர்ந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "சார்ஜ் வருதா" என்று பார்க்கிற பழக்கம் உண்டு. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் டயோடு போகும்.

ஒழுகுகிறதா?

வேலை முடிந்தது என்று பெரியவர் நினைத்தார். மெக்கானிக் போகவில்லை. எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்தார். எல்லா விளக்கையும் அணைத்தார். மைனஸ் ஒயரைக் கழற்றினார். இரண்டு முனையில் ஒயர் உள்ள ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை எடுத்தார். ஒரு முனையைக் கழற்றிய ஒயரிலும், மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார்.

பல்பு மங்கலாக எரிந்தது.

சாவி போடாத பழைய டிராக்டரில் இந்தப் பல்பு எரியக்கூடாது. எரிந்தால் யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள் என்று பொருள். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் ஒழுக்கு. இங்கே எதற்கும் அணையவில்லை. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றினார். அப்போது அணைந்தால் உள்ளே டயோடு ஒழுகுகிறது. அதற்கும் அணையவில்லை.

பிறகுதான் இருக்கைக்கு அடியில் பார்த்தார். பாட்டுப் பெட்டி! பெரியவரின் மகன் மாட்டியது. அதன் ஒயர் பியூஸ் இல்லாமல் நேரே பேட்டரிக்கு வந்திருந்தது. அதை எடுத்ததும் பல்பு அணைந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அது சும்மா இருக்கும்போதே அரை ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். 12 ஆம்பியர் மணி போகும். 75 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் பாதி ஆகும். ஆறு நாளில் காலி. உள்ளே வரவும் இல்லை, வெளியே செலவும் உண்டு. புதுப் பேட்டரி எப்படித் தாங்கும்?

பியூஸ் இல்லாத ஒயர் எங்காவது உரசித் தோல் போனால் தீயும் பிடிக்கும். பாட்டுப் பெட்டியைச் சாவிக்குப் பின்னால், பியூஸ் வைத்து மாட்டினார் மெக்கானிக். பாட்டு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

"பல்புக்கும் பியூஸுக்கும் எவ்வளவு தம்பி?"

சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அந்தப் பழைய பேட்டரி?"

"அது நல்லாத்தான் இருந்திருக்குமுங்க மாமா. சார்ஜ் போட்டிருந்தா ஓடியிருக்கும்."

பகலில் நான்கு ஏக்கர் உழுதார்கள். மாலையில் பெரியவர் கடைக்குப் போனார். பழைய பேட்டரியைத் திருப்பிக் கேட்டார். அதற்குச் சார்ஜ் போட்டு வேறொருவருக்கு விற்று நான்கு நாள் ஆகிவிட்டது என்றார் கடைக்காரர்.