தூண்டிலைக் கண்டு நடுங்கிய நாய்

நம் சங்கத்தில் என் வயதை ஒத்தவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள். நயாகராவைப் பற்றியும் அங்குள்ள கோயில்களைப் பற்றியும் நிறையக் கேட்டாகிவிட்டது. நான் எழுதப்போவது ஒரு மீன்பிடிப் பயணத்தைப் பற்றி. அதைவிட, அந்தப் பயணத்துக்காக ஐந்து வாரம் ஒரு நாயோடு நான் பட்ட பாட்டைப் பற்றி.

2024 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் அருகே இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு செம்பட்டை நிற நாய் சோபாவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. பெயர் லட்டு. வைத்தவள் பத்து வயதுப் பேத்தி.

"ரெஸ்க்யூ நாய்ப்பா" என்றான் மகன்.

கைவிடப்பட்ட, தெருவில் அலைந்த, கொடுமைப்படுத்தப்பட்ட நாய்களை அங்கே காப்பகங்களில் சேர்க்கிறார்கள். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு வைக்கிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. ஸ்கேனரைக் காட்டினால் ஒரு எண் தெரியும்; அந்த எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பார்கள். இப்படித் தயார் செய்த நாயை ஒரு கட்டணம் கட்டி வீட்டுக்கு அழைத்து வரலாம். எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. முன்பு இருந்த இடத்தில் நாய் என்ன பட்டது என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அது எங்களுக்கு முதல் சனிக்கிழமையே தெரிந்தது. மகன் கார் ஷெட்டிலிருந்து தூண்டில் கோலை எடுத்து வந்தான். லட்டு தரையோடு தரையாகப் படுத்து, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. யாரோ கம்பால் அடித்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொண்டோம்.

"இது வந்ததிலேர்ந்து நான் மீன் பிடிக்கவே போறதில்லைப்பா" என்றான் மகன்.

சிக்கல் என்னவென்றால், மார்ச் கடைசியில் பேத்தியின் பிறந்த நாளுக்கு 'லேக் ஃபோர்க்' ஏரிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அன்று ஒரு நாள் மட்டும் நாயைப் பணம் கட்டி ஒரு விடுதியில் விடலாம் என்றான். பேத்தி அழுதுவிட்டாள். "நாமளும் விட்டுட்டோம்னு அது நினைச்சுக்கும் தாத்தா" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

காஷன் ஆர்டர்

கால்நடை மருத்துவர் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். நாய்க்குப் பயம் தரும் பொருளை, அது பயப்படாத தூரத்தில் வைக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்த தின்பண்டம் தர வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பயத்தின் அறிகுறி தெரிந்தால் உடனே ஒரு படி பின்வாங்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில் பாதைப் பராமரிப்பில் என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் செய்தது இதைத்தானே!

பாதையின் ஜல்லியை வாரிச் சலித்து மறுபடி போட்டால், அன்றே ரயிலை முழு வேகத்தில் விட முடியாது. ஜல்லி இளகி இருக்கும். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுத்து, முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75 என்று வேகத்தை ஏற்றுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஜல்லியை இறுக்கி, பாதையை அளந்து பார்த்த பிறகே அடுத்த கட்டம். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் ஜல்லி அவசரப்படாது.

முதல் வாரம் கோலைத் தரையில் படுக்க வைத்து, பத்தடி தள்ளி லட்டுவை உட்கார்த்தினேன். அது கோலைப் பார்த்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. இரண்டாம் வாரம் அதன் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே கோல் கிடந்தது. மூன்றாம் வாரம் நான் தரையில் உட்கார்ந்து கோலை மடியில் வைத்துக்கொண்டேன்.

அறிகுறிகளைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். வாலை இடுக்குவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தூக்கம் வராத வேளையில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவையும் பயத்தின் அடையாளங்களே.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு தவறு செய்தேன். மனைவியிடம் என் சாதனையைக் காட்டும் ஆசையில் கோலைத் தோளுக்கு மேலே தூக்கினேன். லட்டு மறுபடியும் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டது. "இத்தனை வருஷ சர்வீஸ்லே இதைத்தான் கத்துக்கிட்டீங்களா?" என்றாள் அவள். மறுநாள் பத்தடி தூரத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தேன்.

பாஸ் மீன்

இதற்கிடையில் மீனைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். அங்கே பலரும் பிரியமாகப் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெரிய வாய் நன்னீர் மீன். நம் கடைகளில் சீ பாஸ் என்ற பெயரில் விற்கும் கொடுவா வேறு. குணத்தில் இது நம் விராலைப் போன்றது. ஆனால் அதற்கும் உறவில்லை. பாசிக்குள்ளும் மூழ்கிய மரத்தடியிலும் ஒளிந்திருந்து, கிட்ட வரும் இரையைப் பாய்ந்து விழுங்கும். உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் உணர்கோட்டால் நீரின் சிறு அதிர்வையும் அறியும். வசந்த காலத்தில் நீர் சுமார் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, ஆண் மீன் கரையோரத்தில் வாலால் குழி பறித்துக் கூடு அமைக்கும். முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காப்பது அதுவே.

லேக் ஃபோர்க், டாலஸுக்குக் கிழக்கே சுமார் 70 மைலில் உள்ள நீர்த்தேக்கம். அணை 1980இல் முடிந்தது. மரங்கள் பலவற்றை வெட்டாமலே நீரைத் தேக்கியதால் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீரில் நிற்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு எடையுள்ளது, 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே விட்டுவிட வேண்டும். நடுத்தர மீன்களைக் காத்தால்தான் அவை வளர்ந்து பெரிதாகும் என்பது கணக்கு. மீன் பிடிக்க உரிமமும் வேண்டும். 17 வயது நிரம்பாதவர்களுக்குத் தேவையில்லை. நான் ஒரு நாள் உரிமம் வாங்கினேன்.

அந்தக் காலைப்பொழுது

இருட்டோடு கிளம்பினோம். படகு வேண்டாம், கரையே போதும் என்று முடிவு செய்திருந்தோம். லட்டுவை நீளக் கயிற்றில் பெஞ்சோடு கட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகன் கோலைத் தலைக்கு மேல் வீசாமல், இடுப்பளவில் பக்கவாட்டில் வீசினான். நாய்க்காக அவன் பழகிக்கொண்ட முறை அது. பிளாஸ்டிக் புழுவுக்குள் முள்ளின் நுனியைப் புதைத்து, முன்னால் தோட்டா வடிவ எடை மாட்டுவார்கள். இதற்கு டெக்சாஸ் ரிக் என்று பெயர். நுனி மறைந்திருப்பதால் மரக்கிளையில் சிக்காது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பேத்தியின் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. ரீல் கிரீச்சிட்டது. ரீலுக்குள் டிராக் என்ற பிரேக் உண்டு. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு இழுப்பு வந்தாலே அது நழுவிக்கொடுக்கும். அதனால்தான் நரம்பு அறுவதில்லை. மீன் நீருக்கு மேலே துள்ளியது. பதற்றத்தில் அவள் கோலைத் தலைக்கு மேலே விசுக்கென்று தூக்கிவிட்டாள்.

நாங்கள் மூவரும் திரும்பி நாயைத்தான் பார்த்தோம்.

லட்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. "தாத்தா, லட்டுவைப் பாத்துக்கோங்க!" என்று கத்தினாள் பேத்தி. நான் தரையில் உட்கார்ந்தேன். தொடவில்லை, இழுக்கவில்லை. இந்த முறை அது சிறுநீர் கழிக்கவில்லை, கயிற்றை இழுத்து ஓடவும் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். அதன் மூக்கு மட்டும் வெளியே வந்து என் முழங்காலைத் தொட்டது.

மீன் 18 அங்குலம். மகன் கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து, வயிற்றை மறுகையால் தாங்கி, முள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டான். வீடு திரும்பியதும் "பிடிச்சதை விடறதுக்கா 70 மைல் போனீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

நாயோடு போகிறவர்களுக்கு

இங்கேயும் தெரு நாயை எடுத்து வளர்ப்பவர்கள் நம்மில் உண்டு. ஏரிக்கரைக்கு அழைத்துப் போனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். முள் மாட்டிய தூண்டிலை எங்கும் சாய்த்து வைக்காதீர்கள். இரையின் வாசனைக்கு நாய் வாயை வைக்கும். முள் உதட்டில் தைத்தால் பின்னோக்கி இழுக்கக் கூடாது. எதிர்முள் சதையைக் கிழித்துவிடும். விழுங்கிவிட்டால் நரம்பை இழுக்காமல், வெளியே கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஈயக் குண்டு விஷம். பிளாஸ்டிக் புழு குடலை அடைக்கும். பச்சைப் பெயின்ட் கொட்டினது போல ஏடு படிந்த தண்ணீரை நாய் குடிக்கவே கூடாது. வீட்டுத் தண்ணீரை எடுத்துப் போங்கள்.

ஏப்ரலில் நாங்கள் நாக்பூர் திரும்பினோம். மகன் இப்போது மாதம் ஒருமுறை ஏரிக்குப் போகிறான், லட்டுவும் போகிறது. யாராவது கோலைத் தலைக்கு மேல் தூக்கினால் இன்னும் பெஞ்சுக்கு அடியில்தான் போகிறதாம். என் கணக்கில் அது 75க்கு வந்துவிட்டது. முழு வேகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை காஷன் ஆர்டரை நீக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.