குடியிருப்போர் கையில் நிலம்: பாஸ்டன் டட்லி தெருப் பகுதியின் மீட்டுருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நகரின் நலிந்த பகுதியொன்று சீரமைக்கப்படும்போது, அங்கு நெடுங்காலம் வாழ்ந்த எளியவர்களே பெரும்பாலும் முதலில் வெளியேற நேர்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டட்லி தெருப் பகுதி மக்கள் இச்சிக்கலை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது. முடிவெடுக்கும் உரிமை, நிலமெடுப்பு அதிகாரம், நிலத்தின் மீதான கூட்டுரிமை ஆகிய மூன்றும் இணைந்தே அப்பகுதியை மீட்டன என்பதும், அவற்றுள் மூன்றாவதே அம்மீட்சியை நிலைக்கச் செய்தது என்பதும் இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நகர மீட்டுருவாக்கம், சமூக நில அறக்கட்டளை, நிலமெடுப்பு, குடிபெயர்ப்பு, கிராமதானம்.

முன்னுரை

பாழடைந்த நகர்ப்பகுதியில் பூங்கா அமைத்து, சாலையைச் செப்பனிட்டு, புதிய வீடுகளைக் கட்டினால் அப்பகுதியின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் வாடகை உயரும். வாடகை உயர்ந்தால் அதைச் செலுத்த இயலாதோர் வெளியேறுவர். இவ்வாறு, ஓர் இடத்தின் மேம்பாடே அவ்விடத்து மக்களுக்குக் கேடாக முடிவதுண்டு. இதனைத் தவிர்க்க இயலுமா என்னும் வினாவுக்கு டட்லி தெருவின் வரலாறு ஒரு விடையைத் தருகிறது.

பகுதி பாழ்பட்ட வரலாறு

டட்லி தெரு, பாஸ்டனின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பகுதிகளின் ஊடே செல்கிறது. கறுப்பினத்தவர், கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்தோர், இலத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர் ஆகிய நால்வகை மக்கள் அங்கு வாழ்ந்தனர். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை இடர்மிக்கவை எனக் குறித்து வீட்டுக்கடன் மறுக்கும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. வெள்ளையர் பலர் வெளியேறினர், முதலீடு நின்றது. காப்பீட்டுத் தொகைக்காக வீடுகளுக்குத் தீவைக்கும் கொடுமையும் 1970களில் நிகழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,300 மனைகள் வெறுமையாகக் கிடந்தன. நகரின் பிற பகுதிகளின் குப்பையும் கட்டட இடிபாடுகளும் சட்டத்துக்குப் புறம்பாக அங்கு வந்து கொட்டப்பட்டன.

முடிவெடுக்கும் உரிமை

1984ஆம் ஆண்டு மேபல் லூயிஸ் ரைலி அறக்கட்டளையின் ஊக்கத்தால் ‘டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ்’ என்னும் அமைப்பு (இனி ‘டட்லி அமைப்பு’) உருவானது. அதன் ஆட்சிக்குழுவுக்கு முதலில் வரையப்பட்ட திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கே பெரும்பான்மை இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1985இல் நடந்த பொதுக்கூட்டத்தில் குடியிருப்போர் இதனை எதிர்த்தனர். அதன் விளைவாகக் குழுவின் அமைப்பு மாற்றப்பட்டது. குடியிருப்போரின் இடங்கள் கூடியதுடன், நால்வகை மக்களுக்கும் அவர்களது எண்ணிக்கையைக் கருதாது சம இடங்கள் வழங்கப்பட்டன. எந்தப் பிரிவும் மற்றொன்றை வாக்கால் வெல்ல முடியாத இவ்வேற்பாடு, பிரிவுகளிடையே நம்பிக்கை வளர இடமளித்தது.

அமைப்பின் முதற்பணி வீடு கட்டுவதன்று. 1986இல் ‘எங்கள்மீது கொட்டாதீர்’ என்னும் முழக்கத்துடன் குப்பைக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. சட்டத்துக்குப் புறம்பான குப்பை மாற்று நிலையங்களை நகராட்சி மூடியது. கண்ணால் காணக்கூடிய இச்சிறு வெற்றி, பெரிய பணிக்குத் தேவையான ஒற்றுமையை ஈட்டித் தந்தது. 1987இல் குடியிருப்போரின் கருத்துகளைத் தொகுத்து, ‘நகர்ப்புறக் கிராமம்’ என்னும் இலக்குடன் முழுமையான திட்டம் வரையப்பட்டது. நகராட்சி அதனை ஏற்றுக்கொண்டது.

நிலமெடுப்பு அதிகாரம்

திட்டம் இருந்தும் நிலம் இல்லை. டட்லி முக்கோணம் எனப்பட்ட ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில் பாதி வெற்று நிலம். அதில் ஒரு பாதி நகராட்சிக்கும் மறுபாதி தனியாருக்கும் உரியதாக இருந்தது. இரண்டும் சிறுசிறு மனைகளாக இடையிடையே சிதறிக் கிடந்தமையால் தொடர்ச்சியாக வீடு கட்ட இயலவில்லை. தனியார் மனைகளின் உரிமையாளர் பலர் வேற்றிடங்களில் வாழ்ந்தனர்.

பொதுத்தேவைக்காக இழப்பீடு வழங்கித் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. பாஸ்டனில் அவ்வதிகாரத்தின் கசப்பான நினைவு வெஸ்ட் எண்ட் பகுதியாகும். நகர மேம்பாட்டின் பெயரால் 1950களின் இறுதியில் அப்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அதே அதிகாரத்தைக் குடியிருப்போருக்கே வழங்குமாறு டட்லி அமைப்பு கோரியது. மேயர் ரே ஃப்ளின் ஆதரவளித்தார். 1988இல் பாஸ்டன் மறுமேம்பாட்டு ஆணையம் ஒப்புதல் வழங்கியது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்பு இவ்வதிகாரத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. மக்கள் வாழும் வீடுகளைத் தொடாமல் வெற்று நிலத்துக்கு மட்டும் இது பொருந்தும் என வரையறுக்கப்பட்டது. நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 இலட்சம் டாலர் கடன் வழங்கியது.

நிலம் ஊருக்கு, வீடு குடும்பத்துக்கு

இவ்வாறு பெற்ற நிலத்தை விற்றுவிட்டால், விலை உயரும்போது அது மீண்டும் கைநழுவும். எனவே ‘டட்லி நெய்பர்ஸ்’ என்னும் சமூக நில அறக்கட்டளை அதனைத் தன்வசம் வைத்துக்கொண்டது. வீட்டை வாங்குவோர் கட்டடத்துக்கு உரிமையாளர்; நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைதாரர். அவர் வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் விற்பனை விலை குத்தகை ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்ட அளவைக் கடக்கக் கூடாது. இதனால் அடுத்து வரும் எளிய குடும்பமும் அவ்வீட்டை வாங்க முடிகிறது.

இம்முறையின் வேர்களுள் ஒன்று இந்தியாவில் உள்ளது. 1951இல் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம், பின்னர் நிலத்தின் உரிமையைக் கிராமச் சமூகத்துக்கு அளிக்கும் கிராமதானமாக விரிந்தது. அமெரிக்கச் சிந்தனையாளர் ராபர்ட் ஸ்வான் அதனால் ஈர்க்கப்பட்டார். குடியுரிமைப் போராளிகளான சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் முதலியோருடன் அவர் இணைந்து செயல்பட்டதன் பயனாக, 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் ‘நியூ கம்யூனிட்டிஸ்’ என்னும் முன்னோடி நில அறக்கட்டளை உருவானது. உழவு நிலத்துக்கென எண்ணப்பட்ட முறை டட்லியில் நகர மனைக்குப் பொருந்தியது.

பயனும் விலையும்

இன்று அறக்கட்டளை நிலத்தில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. சொந்த வீடுகள், கூட்டுறவு வீடுகள், வாடகை வீடுகள் என அவை மூவகைப்படும். பூங்காக்களும் பயிர்நிலங்களும் பசுமைக்குடிலும் அமைந்துள்ளன. 2008ஆம் ஆண்டை ஒட்டிய வீட்டுக்கடன் நெருக்கடியில் அண்டைத் தெருக்களில் பலர் வீடிழந்தபோதும், அறக்கட்டளை வீடுகள் பெரும்பாலும் தப்பின. வீடு வாங்குவோருக்கும் கடன் தருவோருக்கும் இடையே அறக்கட்டளை நின்றதும், தவணை தவறும்போது உதவ முன்வந்ததும் இதற்குக் காரணங்களாகும்.

எனினும் ஒரு மறுப்பு கருதத்தக்கது. அமெரிக்கக் குடும்பங்களின் செல்வத்தில் வீட்டின் விலை உயர்வு பெரும்பங்கு வகிக்கிறது. கடன் மறுக்கப்பட்டதால் அவ்வாய்ப்பை முன்பே இழந்த கறுப்பினக் குடும்பங்களிடம், இப்போதும் விலை உயர்வை முழுமையாக அடையாதீர் எனக் கூறுவது அறமாகுமா? இவ்வினாவுக்கு எளிய விடையில்லை. முதலில் வாங்கியவர் பெறும் ஊதியத்தையும் அடுத்து வருபவரின் வாய்ப்பையும் ஒருசேர முழுமையாகக் காக்க இயலாது. டட்லி மக்கள் இரண்டாவதற்கு முதன்மை அளித்தனர். அத்தேர்வு வெளியாரால் திணிக்கப்பட்டதன்று. தாமே கூடி எடுத்த முடிவு என்பதே அதற்குத் தகுதி சேர்க்கிறது.

முடிவுரை

குடியிருப்போரிடம் கருத்துக் கேட்பது இன்று பல நகரத் திட்டங்களில் ஒரு சடங்காக உள்ளது. கருத்துச் சொன்னவர் அத்திட்டம் நிறைவுறும்போது அங்கு வாழ்வார் என்பதற்கு உறுதியில்லை. டட்லி தெரு மக்கள் கருத்துரிமையுடன் நிற்கவில்லை. அக்கருத்தைச் செயலாக்கும் அதிகாரத்தையும், செயலின் பயனைத் தக்கவைக்கும் நிலத்தையும் பெற்றனர். ஒரு மீட்டுருவாக்கத் திட்டத்தை மதிப்பிட முற்படும் ஆய்வாளர், எத்தனை வீடுகள் எழுந்தன என்பதுடன் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதையும் கேட்டல் வேண்டும்.