டிரான்ஸ்மிட்டர் பேட்டரிக்கு விரைவு மின்னேற்றம்: பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

ரேடியோ அலைகள் மூலம் இயக்கப்படும் மாதிரி விமானம், ஹெலிகாப்டர், படகு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியை ஓரிரு மணி நேரத்தில் முழுமையாக மின்னேற்றம் செய்ய முடியும். ஆனால், பழைய வகை டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில், பேட்டரியை வெளியே எடுத்த பின்னரே அதைப் பாதுகாப்பாகச் செய்ய இயலும். கருவியின் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் சிறிய டையோடு ஒன்றே இதற்கு முக்கியக் காரணமாகும்.

நாட்டில் 2021-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த டிரோன் விதிகளின்படி, கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும் பயன்படுத்தப்படும் 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்கள், இயக்குபவரின் கண்பார்வை எல்லைக்குள் பறக்க வேண்டும். அந்த எல்லைக்குள் பறந்தாலும், விமானத்துக்கும் இயக்குபவருக்கும் இடையிலான ஒரே தொடர்பு டிரான்ஸ்மிட்டர்தான். நடுவானில் அதன் பேட்டரி தீர்ந்துவிட்டால், சில கிலோ எடையுள்ள விமானம் எங்கு விழும் என்பதை எவராலும் தீர்மானிக்க இயலாது.

அவசரம் ஏன்?

பழைய டிரான்ஸ்மிட்டர்களில் 1.2 வோல்ட் மின்கலங்கள் எட்டினை வரிசையாக இணைத்த 9.6 வோல்ட் பேட்டரி பயன்படுத்தப்பட்டது. 600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு, கருவியுடன் வழங்கப்பட்ட சார்ஜர் சுமார் 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அளிக்கும். பேட்டரி நிரம்ப 14 முதல் 16 மணி நேரம் ஆகும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில், சில மணி நேரம் கூடுதலாக இணைத்து வைத்தாலும் பெரிய பாதிப்பு ஏற்படுவதில்லை.

பின்னர் 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் பரவலாகின. அதே பழைய சார்ஜரைக் கொண்டு இவற்றை நிரப்புவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள்கள் தேவைப்படும். இதனால், 1 அல்லது 2 ஆம்பியர் அளிக்கும் விரைவு சார்ஜரை நேரடியாக டிரான்ஸ்மிட்டரின் மின்னேற்றத் துளையில் இணைக்கும் வழக்கம் ஏற்பட்டது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

பேட்டரி நிரம்பியதை சார்ஜர் அறிவது எப்படி?

நிக்கல் வகை மின்கலம் நிரம்பும் வரை அதன் மின்னழுத்தம் உயர்ந்துகொண்டே செல்லும். முழுமையாக நிரம்பியதும் சற்றே குறையும். அதன் பின்னர் செலுத்தப்படும் மின்சாரம் சேமிக்கப்படாமல் வெப்பமாக மாறும். மின்னழுத்தம் குறையும் அந்தத் தருணத்தைக் கண்டறிந்தே விரைவு சார்ஜர் மின்னோட்டத்தை நிறுத்துகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தில் இந்தச் சரிவு சில மில்லி வோல்ட் அளவே இருக்கும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இது தெளிவாகத் தென்படாது என்பதால், நிறுத்தும் வசதியை நம்பி மின்னேற்றம் செய்யும்போது கொள்ளளவின் பாதி முதல் முழு அளவு வரையிலான மின்னோட்டம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது 1 முதல் 2 ஆம்பியர் வரை ஆகும்.

தடையாகும் டையோடு

மின்னேற்றத் துளையில் குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ, முனைகள் மாறி இணைக்கப்பட்டாலோ கருவி பழுதடையாமல் இருக்க, பல டிரான்ஸ்மிட்டர்களின் உள்ளே டையோடு பொருத்தப்பட்டுள்ளது. இது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே அனுமதிக்கும். பேட்டரிக்குள் மின்சாரம் செல்லும்; ஆனால், பேட்டரியின் உண்மையான மின்னழுத்தத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது. இதனால் சில சார்ஜர்கள் பேட்டரி இணைக்கப்படவில்லை என்று காட்டி நின்றுவிடும். வேறு சில, நிறுத்த வேண்டிய தருணத்தைத் தவறவிட்டு பேட்டரியைச் சூடேற்றக்கூடும்.

டையோடை நீக்கிவிட்டு இணைப்பதும் தீர்வாகாது. கருவியின் மின்சுற்றுப் பலகையில் உள்ள மெல்லிய செப்புத் தடங்களும் ஃபியூஸும் குறைந்த மின்னோட்டத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அத்துடன், பிளக்கின் நடுமுனை சில நிறுவனங்களின் கருவிகளில் நேர்மின் முனையாகவும், வேறு சிலவற்றில் எதிர்மின் முனையாகவும் உள்ளது. டையோடு இல்லாத நிலையில் முனைகள் மாறினால் கருவியே பழுதாகலாம்.

பாதுகாப்பான வழிமுறை

டிரான்ஸ்மிட்டரை அணைத்து, பேட்டரித் தொகுப்பைக் கழற்றி, அதன் சொந்த இணைப்பான் வழியாக சார்ஜருடன் இணைப்பதே சரியான முறையாகும். சார்ஜரில் பேட்டரியின் வகை, மின்கலங்களின் எண்ணிக்கை, மின்னோட்ட அளவு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். நேர வரம்பு அல்லது கொள்ளளவு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துவது கூடுதல் பாதுகாப்பு தரும்.

ஸ்பிரிங் முனைகள் கொண்ட பெட்டியில் தனித்தனி மின்கலங்களைப் பொருத்தும் டிரான்ஸ்மிட்டர் எனில், அந்தப் பெட்டியுடன் சேர்த்து விரைவு மின்னேற்றம் செய்யக் கூடாது. ஸ்பிரிங்கின் தளர்வான தொடர்பு சூடாவதுடன், சார்ஜரின் அளவீட்டையும் குழப்பும். மின்கலங்களை வெளியே எடுத்து, அவற்றுக்குரிய சார்ஜரில் வைப்பதே நல்லது.

மின்னேற்றத்தின் முடிவில் பேட்டரி இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க இயலாத அளவுக்குச் சூடானால் உடனடியாக நிறுத்த வேண்டும். கோடைக்காலத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்த பேட்டரியை, நிழலில் ஆறவிட்ட பின்னரே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்குத் தனி விதி

புதிய டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் லித்தியம் அயனி அல்லது லித்தியம் பாலிமர் பேட்டரிகள் இடம்பெறுகின்றன. இவற்றின் ஒவ்வொரு மின்கலமும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு மின்கலங்கள் கொண்ட பேட்டரிக்கு உச்ச வரம்பு 8.4 வோல்ட். மின்னழுத்தச் சரிவுக்காகக் காத்திருக்கும் நிக்கல் வகை சார்ஜர், இந்த வரம்பில் நிற்காது. ஆகவே, அத்தகைய சார்ஜரில் லித்தியம் பேட்டரியை இணைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

யுஎஸ்பி துளையுடன் வரும் கருவிகளில், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று உள்ளேயே அமைந்துள்ளது. இவற்றில் பேட்டரியைக் கழற்றத் தேவையில்லை. எனினும், அதிகத் திறனுள்ள கைப்பேசி சார்ஜரை இணைப்பதால், அந்த மின்சுற்றின் வரம்பைத் தாண்டி வேகம் கூடாது.

உப்பிய, நசுங்கிய அல்லது துளை விழுந்த லித்தியம் பேட்டரியை எக்காரணம் கொண்டும் மின்னேற்றம் செய்யக் கூடாது. நல்ல நிலையில் உள்ளவற்றையும் சிமெண்ட் தரை போன்ற தீப்பற்றாத பரப்பில், திரைச்சீலை, காகிதம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்து, அருகில் ஒருவர் இருக்கும்போது மட்டுமே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

மாற்று பேட்டரி

பறக்கவிடும் மைதானத்தில் அவசரமாக மின்னேற்றம் செய்வதைத் தவிர்க்க, வீட்டிலேயே நிரப்பிய மாற்று பேட்டரி ஒன்றை உடன் எடுத்துச் செல்வது எளிய தீர்வாகும். நிக்கல் பேட்டரிகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நாளடைவில் மின்னேற்றத்தை இழப்பவை. எனவே, ஒவ்வொரு முறையும் விமானத்தை ஏவும் முன் டிரான்ஸ்மிட்டரின் திரையில் மின்னழுத்தத்தைச் சரிபார்ப்பது அவசியம். எட்டு மின்கலங்கள் கொண்ட நிக்கல் பேட்டரியில் அது 9 வோல்ட்டை நெருங்கினால், விமானத்தைத் தரையிறக்கிவிட வேண்டும்.

பயன்பாடு முடிந்த பேட்டரிகளை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காமல் தனியாகச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது, 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி நுகர்வோரின் பொறுப்பு என்பது குறிப்பிடத்தக்கது.