சக பணியாளரும் சமூகப் பணி அறமும்

சமூகப் பணியாளரின் அறப்பொறுப்பு என்றவுடன், உதவி நாடி வருவோர்க்கு அவர் ஆற்ற வேண்டிய கடமையே முதலில் நினைவுக்கு வரும். தம்முடன் பணிபுரிவோர்பால் அவர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பது அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. எனினும், அமெரிக்கச் சமூகப் பணியாளர் தேசியச் சங்கத்தின் அறநெறிக் கோவை, தன் ஆறு பெரும் பிரிவுகளுள் இரண்டாவதை முழுமையாக இதற்கே ஒதுக்கியுள்ளது.

ஏழு அமைப்புகளின் இணைப்பால் 1955ஆம் ஆண்டில் தோன்றிய இச்சங்கம், 1960ஆம் ஆண்டில் தன் முதற் கோவையை ஏற்றது. தன்மை இடத்தில் அமைந்த சில உறுதிமொழிகளே அதில் இருந்தன. சக பணியாளரின் கருத்துகளையும் செயல்களையும் மதித்தல், அவற்றைப் பற்றிய மதிப்பீட்டை உரிய வழியில் தெரிவித்தல் என்பன அவற்றுள் ஒன்றாகும். இன்றைய விரிவான கோவை 1996ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவை உட்படப் பல திருத்தங்களைக் கண்டது.

இரண்டாம் பிரிவின் விதிகளுட் பல எளிதில் விளங்குவன. தேவையற்ற பழிப்புரை கூடாது. மின்வழித் தொடர்புகளுக்கும் இது பொருந்தும். மேற்பார்வையாளரும் ஆசிரியரும் தம் அதிகாரத்திற்கு உட்பட்டோருடன் பாலியல் உறவு கொள்ளலாகாது. ஒருவருக்கும் அவருடைய நிறுவனத்திற்கும் இடையே எழுந்த பிணக்கைப் பயன்படுத்தி மற்றொருவர் பதவி தேடிக்கொள்வதும் தவறாகும். இந்த இறுதி விதியை எழுதியோர் அலுவலக வாழ்வை நன்கு அறிந்தவர்கள் எனலாம்.

சிக்கல் எழுவது, சக பணியாளரின் குறைபாடு சேவை பெறுவோரைப் பாதிக்கும்போதுதான். குழந்தைப் பாதுகாப்புப் பணியில் உள்ள ஒருவர், தம் குடும்பத் துயரின் காரணமாக, செல்ல வேண்டிய வீடுகளுக்குச் செல்லாமல் இருக்கிறார் என்று கொள்வோம். அடுத்த மேசையில் இருப்பவர் இதை அறிவார். தோழமை அவரை மௌனமாக இருக்கச் சொல்கிறது. அம்மௌனத்தின் விலையைக் கொடுக்கப்போவதோ, யாரும் வந்து பார்க்காத ஒரு குழந்தை. இத்தகைய நிலைக்குக் கோவை படிநிலையான வழியைக் காட்டுகிறது. முதலாவதாக, குறைபாட்டை ஒருவர் நேரடியாக அறிந்திருத்தல் வேண்டும். பிறர் வாய்ச்சொல்லைக் கேட்டு இவ்விதியின்கீழ் நடவடிக்கையில் இறங்குதல் பொருந்தாது. அடுத்து, இயலுமிடத்து அவரிடமே பேசி, அவர் தம் நிலையைச் சீர்செய்துகொள்ள உதவ வேண்டும். அதன் பின்னரும் அவர் போதிய முயற்சி எடுக்காவிடில், நிறுவனம், சங்கம், உரிமம் வழங்கும் அமைப்பு ஆகியவற்றின் உரிய வழிகளில் நடவடிக்கை மேற்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டாம் படியைத் தமிழ் வாசகர் 'இடித்துரைத்தல்' என்னும் சொல்லால் எளிதில் உணர்வர். திருக்குறளின் நட்பு அதிகாரம் அதனை நட்பின் கடமையாகவே கூறுகிறது. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. நண்பரை இடித்துரைப்பது அவர் நலன் கருதி; இங்கோ, உரையாடலில் இடம்பெறாத மூன்றாமவரின் நலனும் உடன் நிற்கிறது. ஆகவேதான் பேச்சு பயனளிக்காதபோது அதனோடு நின்றுவிடக் கோவை இடந்தரவில்லை.

'இயலுமிடத்து' என்னும் சொல் கவனத்திற்குரியது. தவறு செய்பவர் மேலதிகாரியாக இருப்பின், அவரிடம் நேரில் பேசும் இளநிலைப் பணியாளர் தம் வேலையையே இழக்கக்கூடும். பொய்ப் பதிவு எழுதியவரிடம் முதலில் பேசினால், சான்று அழிக்கப்படவும் கூடும். நெறிபிறழ்ந்த நடத்தை பற்றிய விதி, பேச்சு பயன்தரக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறி, இதற்கு ஓரளவு இடமளிக்கிறது. எனினும் எத்துணைக் காலம் பொறுத்திருக்கலாம் என்பதை அது வரையறுக்கவில்லை. குழந்தையின் பாதுகாப்பு போன்றவற்றில் இது ஒரு குறையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

2021ஆம் ஆண்டுத் திருத்தம், பணியாளர் தம்மைப் பேணிக்கொள்ளுதலின் இன்றியமையாமையைக் கோவையில் சேர்த்தது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரும் பணியாளரை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். துயருற்றவருக்கு உரிய காலத்தில் விடுப்பும் துணையும் கிடைத்திருந்தால், புகார் என்னும் கட்டத்திற்கே தேவை எழாதிருந்திருக்கும்.

புகாரும் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. பழிதீர்க்கவும் போட்டியாளரை அகற்றவும் அது பயன்படக்கூடும். நெறிபிறழ்ந்தார் என்று அநியாயமாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காத்து, அவருக்குத் துணைநிற்க வேண்டும் என்றும் கோவை விதிக்கிறது. புகார் செய்யும் கடமையை உரைக்கும் விதிகளை அடுத்து, அப்பிரிவின் இறுதி வரியாக இது இடம்பெற்றுள்ளது.